கடலோர வீட்டு மோட்டார்: துரு எங்கே பிடிக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது

திருவான்மியூர், கொட்டிவாக்கம், நீலாங்கரை தொடங்கிக் கோவளம் வரை கடலோர மணலில் நல்ல தண்ணீர் என்பது உப்புநீரின் மேல் மிதக்கும் ஓர் அடுக்குதான். மேலே நல்ல தண்ணீரின் மட்டம் ஓர் அடி இறங்கினால், கீழே உப்புநீர் ஏறத்தாழ 40 அடி மேலேறி வர இடம் கிடைத்துவிடும். மார்கழியில் குடிக்கும்படி இருந்த போர்த் தண்ணீர் வைகாசியில் கரிப்பது இதனால். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்திலும் கதை இதேதான்.

இப்படிப்பட்ட தண்ணீரில் ஓடும் மோட்டார் நின்றுபோனால், "துரு சார், புதுசு போட்டுடலாம்" என்பது வழக்கமான தீர்ப்பு. பல சமயம் புதுசு தேவையே இல்லை. தேவைப்படும்போதும், பழையதில் எந்த உலோகத்தைத் தண்ணீர் தின்றது என்று பார்க்காமல் அதே மாதிரி ஒன்றை வாங்கினால் அதுவும் அதே காலத்தில்தான் போகும். கீழே இருப்பவை வீட்டில் ஓடும் 0.5 முதல் 1.5 எச்.பி. வரையிலான சிங்கிள் ஃபேஸ் மோட்டார்களுக்கானவை: சம்ப்பிலிருந்து இழுக்கும் மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக வெளியே இருப்பது), சம்ப்புக்குள் மூழ்கிக் கிடக்கும் ஓபன்வெல் சப்மெர்சிபிள், போரில் இறங்கும் சப்மெர்சிபிள்.

கை வைப்பதற்கு முன் எம்.சி.பி.யை (மின்பலகையில் உள்ள பாதுகாப்பு சுவிட்சை) இறக்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலை அறுக்கும் சுவிட்சுகள் பழைய வீடுகளில் நிறைய உண்டு. கப்பாசிட்டரைத் தொடும் முன் அதன் இரண்டு முனையையும் ஹோல்டரில் மாட்டிய பழைய குண்டு பல்பின் இரண்டு ஒயரால் சில விநாடி தொட்டு, உள்ளே தேங்கிய மின்சாரத்தை இறக்கிவிடுங்கள்.

முதலில் தண்ணீரின் எண்

தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பை (டி.டி.எஸ்.) காட்டும் பேனா சில நூறு ரூபாய்தான். ஆனால் மோட்டாரை அரிப்பது டி.டி.எஸ். அல்ல, அதற்குள் இருக்கும் குளோரைடு. கடல் உப்பு கலந்த தண்ணீரில் டி.டி.எஸ்.ஸில் பாதிக்குப் பக்கம் குளோரைடாகவே இருக்கும். கடல்நீரில் லிட்டருக்கு 35,000 மில்லிகிராம் உப்பு என்றால் அதில் 19,000 குளோரைடு. உள்மாவட்டத்துக் கடின நீரில் அதே டி.டி.எஸ்.ஸுக்குக் குளோரைடு மிகக் குறைவாக இருக்கலாம். அதனால் 2,000 டி.டி.எஸ். நீலாங்கரையில் சொல்லும் சேதி வேறு, நாமக்கல்லில் சொல்லும் சேதி வேறு. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டித் தண்ணீரைக் கொடுத்தால் குளோரைடு, பி.எச்., இரும்பு மூன்றும் கிடைக்கும். மே மாதத் தண்ணீரைக் கொடுங்கள். மழைக்காலத் தண்ணீர் ஏமாற்றும்.

குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரம் குளோரைடு 250 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 1,000 வரை என்கிறது. அது குடிப்பவருக்கான கணக்கு. எவர்சில்வருக்குக் கணக்கு வேறு: சாதாரண வெப்பநிலையில் 304 ரகத்துக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம், 316 ரகத்துக்கு 1,000 மில்லிகிராம் என்பது தொழிலில் கையாளும் பாதுகாப்பான வரம்பு. இரண்டுக்கும் வித்தியாசம் 316-இல் சேர்க்கும் 2 முதல் 3 சதவீத மாலிப்டினம். ஆய்வகம் தந்த குளோரைடு எண்ணை எழுதி மோட்டார் பேனலில் ஒட்டி வையுங்கள். கீழே வரும் பாதி முடிவுகள் இதைப் பார்த்துத்தான்.

சுவிட்ச் போட்டால் "உம்" என்கிறது, சுற்றவில்லை

அரை எச்.பி. செல்ஃப் பிரைமிங் மோனோபிளாக்கில் இது அன்றாடப் புகார். அதன் இம்பெல்லர், அதாவது சுழன்று தண்ணீரைத் தள்ளும் பாகம், ஓரத்தில் சிறு சிறு பற்கள் வெட்டிய ஒரு பித்தளை வட்டு. அதற்கும் பம்பின் வார்ப்பு உடலான இரும்புக் காஸ்டிங்குக்கும் இடையே ஒரு தாள் நுழையும் இடைவெளிதான் இருக்கும். அந்த நெருக்கத்தால்தான் சின்ன மோட்டார் மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏற்றுகிறது. வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு வாரம் ஊருக்குப் போனால், காஸ்டிங்கில் பூத்த துரு அந்த இடைவெளியை அடைத்து இம்பெல்லரைப் பிடித்துக்கொள்ளும்.

முதல் வேலை, உடனே அணைப்பது. சுற்றாமல் நிற்கும் மோட்டார் வழக்கத்தைவிட நான்கைந்து மடங்கு கரண்ட் இழுக்கும். "ஓடுதா பார்ப்போம்" என்று திரும்பத் திரும்பச் சுவிட்ச் போடுவதில்தான் காயில் (உள்ளிருக்கும் கம்பிச் சுருள்) எரிகிறது. இருபது ரூபாய் துரு, ஆயிரக்கணக்கில் ரீவைண்டிங் செலவாக மாறும் இடம் இது.

பின்பக்கம் ஃபேன் கவரைப் பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் நடுவே ஒரு ஓட்டை, அதற்குள் ஷாஃப்ட் நுனியில் ஸ்க்ரூடிரைவர் வைக்க ஒரு வெட்டு இருக்கும். எம்.சி.பி. இறங்கியிருக்க, ஸ்க்ரூடிரைவரால் இரண்டு பக்கமும் மெல்லத் திருப்புங்கள். இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது.

லேசாகச் சுற்றினால் பம்பில் கோளாறு இல்லை, கப்பாசிட்டர்தான். கடற்காற்று அடிக்கும் வீட்டில் அதன் லக்குகளில் (ஒயர் முனையில் மாட்டும் உலோகக் கவ்விகளில்) பச்சைப் பொடி கட்டியிருக்கும். முதலில் அதைச் சுரண்டி, லக்கை மாற்றிப் பாருங்கள். பிறகு கப்பாசிட்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் அளக்கவும். அச்சிட்ட மதிப்பிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மாற்றுங்கள். அரை எச்.பி.யில் 10 மைக்ரோஃபேரட், ஒரு எச்.பி.யில் 20 அல்லது 25 என்பது பரவலாகக் காணப்படுவது. ஆனாலும் பழையதில் எழுதியிருப்பதையே, அதே 440 வோல்ட் ரகமாகவே வாங்குங்கள். "கொஞ்சம் பெருசா போட்டா நல்லா இழுக்கும்" என்று கடையில் சொல்வதைக் கேட்டால் காயில் சூடேறும்.

சுற்றவே இல்லையென்றால் ஜாம். ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து, பிரைமிங் மூடி வழியாகப் பம்ப் நிறைய ஊற்றுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் ஊறவிட்டு, நடுநடுவே ஸ்க்ரூடிரைவரால் அசைத்துக் கொடுங்கள். சிட்ரிக் ஆசிட் மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும். மண்ணெண்ணெய் ஊற்றும் வழக்கம் இருக்கிறது. குடிக்கிற, குளிக்கிற தண்ணீர் போகும் பம்பில் அது வேண்டாம், சீலின் ரப்பரும் ஊதிப்போகும். இம்பெல்லர் விட்டுக்கொடுத்த பிறகு முதல் இரண்டு மூன்று பக்கெட் தண்ணீரை டேங்குக்கு ஏற்றாமல் வெளியே விடுங்கள்.

அப்போதும் அசையாவிட்டால் முன்பக்கக் காஸ்டிங்கின் நான்கு போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். உள்ளே 400 நம்பர் எமரித் தாளில் துருவை மட்டும் தேயுங்கள், இரும்பைத் தேய்க்காதீர்கள். மூடும்போது பழைய கேஸ்கட்டின் தடிமன் முக்கியம். தடித்த ரப்பர் ஷீட்டை வெட்டி வைத்தால் இம்பெல்லர் இடைவெளி கூடி, மோட்டார் நன்றாகச் சுற்றும், தண்ணீர் மட்டும் மாடிக்கு ஏறாது. பிரித்துக் கட்டிய பிறகு "முன்ன மாதிரி ஃபோர்ஸ் இல்ல" என்று வரும் புகாருக்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கேஸ்கட்.

வருஷத்துக்கு இரண்டு முறை ஜாம் ஆகிறதென்றால், இம்பெல்லர் உரசும் இரண்டு முகத்திலும் பித்தளை அல்லது எவர்சில்வர் தகடு பதித்த மாடலுக்கு மாறுவதுதான் வழி. கடையில் பித்தளை இன்சர்ட் உள்ளது என்று கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் பதித்ததும் விற்கிறார்கள். அது பாதித் தீர்வு.

ஓடுகிறது, தண்ணீர் குறைந்துவிட்டது

ஒயரைச் சுற்றிக் கவ்வி கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஒரு ஒயரில் மட்டும் மாட்டி ஆம்பியரைப் பாருங்கள். இரண்டு ஒயரையும் சேர்த்து மாட்டினால் பூஜ்யம்தான் காட்டும். சாதாரண சென்ட்ரிஃபியூகல் மோனோபிளாக்கில் தண்ணீரும் குறைந்து ஆம்பியரும் பெயர்ப்பலகையைவிடக் குறைந்திருந்தால், தண்ணீர் உள்ளே வரவில்லை அல்லது இம்பெல்லர் தேய்ந்துவிட்டது. ஆம்பியர் கூடியிருந்தால் பேரிங், உரசல், குறைந்த வோல்டேஜ். மேலே சொன்ன செல்ஃப் பிரைமிங் ரகத்தில் ஒரு விஷயம் தலைகீழ்: டெலிவரி பைப் அடைத்தால் அதற்கு ஆம்பியர் ஏறும். டேங்க் வால்வை மூடிவைத்து இந்த மோட்டாரை ஓட்டவே கூடாது.

சம்ப் மோட்டாரில் முதல் சந்தேகம் தண்ணீரை உள்ளே இழுக்கும் சக்‌ஷன் பைப். ஜி.ஐ. பைப்பில் மரை வெட்டும்போதே அந்த இடத்தின் துத்தநாகப் பூச்சு போய்விடும். துரு அங்கிருந்துதான் தொடங்கும். சக்‌ஷனில் ஊசி முனை ஓட்டை விழுந்தால் தண்ணீர் வெளியே வராது, காற்று உள்ளே போகும். அதனால் கண்ணுக்குத் தெரியாது. மோட்டார் ஓடும்போது ஒவ்வொரு மரை மேலும் சோப்பு நுரையை அப்புங்கள். நுரை உள்ளே இழுபடும் இடம்தான் ஓட்டை. கண்டுபிடித்த பிறகு எம்-சீல் பூசி ஒப்பேற்றுவது சில வாரத்துக்குத்தான். சக்‌ஷன் முழுவதையும் யு.பி.வி.சி.க்கு மாற்றுங்கள், பம்ப் வாயில் மட்டும் மரை அடாப்டரும் டெஃப்லான் டேப்பும். தண்ணீர் மட்டத்திலிருந்து பம்ப் வரை செங்குத்து உயரம் 7 மீட்டருக்கு மேல் போனால் எந்தப் பைப் போட்டாலும் மல்லுக்கட்டுதான்.

அடுத்தது, சக்‌ஷன் பைப்பின் அடி நுனியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வு. மோட்டாரை நிறுத்தி அரை மணி கழித்துப் பிரைமிங் மூடியைத் திறங்கள். தண்ணீர் விளிம்பிலேயே நின்றால் வால்வு நன்றாக இருக்கிறது. இறங்கியிருந்தால் வாஷரில் மணலோ, பித்தளை வால்வின் இருக்கையில் அரிப்போ இருக்கிறது. உப்புத் தண்ணீருக்குப் பிளாஸ்டிக் ஃபுட் வால்வே மேல்.

இரண்டும் சரி என்றால் இம்பெல்லரைப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் இருக்க வேண்டிய பித்தளை செம்பு நிறத்துக்கு மாறித் திட்டுத்திட்டாக இருந்தால், தண்ணீர் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை மட்டும் கரைத்து எடுத்துவிட்டது. வடிவம் அப்படியே இருக்கும், பலம் இருக்காது. பல்லை இடுக்கியால் பிடித்தால் உதிரும். இரும்புக் காஸ்டிங்கிலும் இதே தந்திரம் நடக்கும்: இரும்பு கரைந்து கிராஃபைட் மட்டும் மிஞ்சும். பேனாக்கத்தியால் கீறுங்கள். பளபளவென்று கோடு விழுந்தால் இரும்பு இருக்கிறது. கறுப்பாக, பென்சில் சீவியதைப் போல் பொடி வந்தால் அந்தக் காஸ்டிங்கைப் பெயின்ட் அடித்துக் காப்பாற்ற முடியாது.

போர் சப்மெர்சிபிளில் தண்ணீர் குறைந்தால் மேலே இழுப்பதற்கு முன் ஒரு சோதனை. மோட்டார் ஓடும்போது போர் வாயில் காது வையுங்கள். உள்ளே அருவி மாதிரி சலசலப்புக் கேட்டால், மோட்டாரிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவரும் 'காலம்' பைப்பில் ஓட்டை. மோட்டார் ஏற்றுகிற தண்ணீர் வழியிலேயே கொட்டுகிறது. ஜி.ஐ. காலம் பைப் என்றால் கப்ளிங் மரையில்தான் விட்டிருக்கும். சத்தம் இல்லை என்றால் நீர்மட்டம் இறங்கியிருக்கலாம், அல்லது பம்பின் சல்லடையில் வெள்ளைப் படிவு. வெள்ளைப் படிவு துரு அல்ல, சுண்ணாம்பு. சிட்ரிக் ஆசிட் போதும்.

மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவே சொட்டுகிறது

அந்த இடத்தில் அடியில் ஒரு ஓட்டை விட்டிருப்பார்கள். மெக்கானிக்கல் சீல் விட்டுப்போனால் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் வெளியே வரத்தான் அது. சொட்டுகிறதே என்று அந்த ஓட்டையை அடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அடைத்தால் சீலோடு போயிருக்க வேண்டிய செலவில் பேரிங்கும் காயிலும் சேரும்.

சீல் என்பது கார்பன் முகமும் செராமிக் முகமும் உரசிக்கொள்ளும் ஒரு ஜோடி, பின்னால் ஸ்பிரிங், ரப்பர். உப்புத் தண்ணீரில் முகங்கள் கெடுவதில்லை. கெடுவது ஸ்பிரிங்கும், சீல் உட்காரும் ஷாஃப்ட்டும். புது சீல் வாங்கும்போது ஷாஃப்ட்டை வெர்னியரில் அளந்து, பழையதைக் கையோடு கொண்டு போங்கள். ஸ்பிரிங் எவர்சில்வரா என்று கேளுங்கள். ஷாஃப்ட்டில் சீல் ரப்பர் பிடிக்கும் இடத்தில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கும் அளவுக்குக் குழி இருந்தால் புது சீலும் சில மாதத்தில் சொட்டும். லேத் பட்டறையில் அந்த இடத்தைக் கடைந்து 316 எவர்சில்வர் ஸ்லீவ் ஏற்றச் சொல்லுங்கள். புது மோட்டாரைவிட மலிவு, பழைய ஷாஃப்ட்டைவிட உறுதி.

மாட்டும்போது முகங்களைக் கையால் தொடாதீர்கள், கிரீஸ் தடவாதீர்கள். ரப்பருக்குச் சோப்புத் தண்ணீர் போதும். தண்ணீர் இல்லாமல் "சுத்திப் பார்க்க" ஒரு நிமிடம் ஓட்டினால் புது சீல் அங்கேயே கருகும்.

தண்ணீரின் நிறமும் நாற்றமும்

காலையில் முதல் பக்கெட் செம்மண் நிறத்தில் வந்து பிறகு தெளிந்தால், தேங்கி நின்ற இரவில் பம்போ ஜி.ஐ. பைப்போ விட்ட துரு. எடுக்கும்போது தெளிவாக இருந்து, பாட்டிலில் வைத்த ஒரு மணி நேரத்தில் மஞ்சளானால் அது நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் இரும்பு. பம்பை மாற்றிப் பயனில்லை. சம்ப் சுவரில் ஆரஞ்சு நிறத்தில் வழுவழுவென்று சளி மாதிரி படிந்தால் இரும்புப் பாக்டீரியா. அது படிந்த இடத்துக்கு அடியில் எவர்சில்வரும் குழி விழும்.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தண்ணீரில் ஹைட்ரஜன் சல்ஃபைடு. பித்தளை, கன்மெட்டல் (ஒரு வெண்கல ரகம்), செம்பு மூன்றும் கறுத்து அரிபடும். இந்தத் தண்ணீரில் கன்மெட்டல் இம்பெல்லருக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண். நோரில் பிளாஸ்டிக் இம்பெல்லர் கேளுங்கள்.

சப்மெர்சிபிள் ஓடும் வீட்டில் தண்ணீரில் எண்ணெய் வாடையும் மேலே மினுமினுப்பும் தெரிந்தால் ஆயில் மோட்டாரின் சீல் போய்விட்டது. அன்றே நிறுத்துங்கள். வெளியே எண்ணெய் வருகிற வழியில் உள்ளே தண்ணீர் போகும்.

எவர்சில்வர் என்று வாங்கியதில் ஓட்டை

இந்தப் புகார்தான் கடைக்காரருக்கும் வாங்கியவருக்கும் சண்டை மூட்டுவது. முதலில், அது ஓட்டையா வெறும் கறையா? வெளியே டீ நிறத்தில் படர்ந்திருப்பது பெரும்பாலும் காற்றில் வந்த உப்பும் இரும்புத் தூளும்; சிட்ரிக் ஆசிட் நனைத்த துணியில் துடைத்தால் போய்விடும். நிஜமான அரிப்பு வேறு மாதிரி இருக்கும். குண்டூசித் தலை அளவுக்குப் பழுப்பு வளையம், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. துடைத்தால் வளையம் போகும், புள்ளி போகாது. ஊசியால் குத்தினால் ஊசி உள்ளே இறங்கும். மேலே தெரிவது சிறு வாய், அடியில் அதைவிடப் பெரிய குழி.

எவர்சில்வரைக் காப்பது அதன் மேலுள்ள கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம். அது கிழிந்தால் தானே மூடிக்கொள்ளும், ஆக்சிஜன் கிடைத்தால். சேறு படிந்த அடிப்பாகம், கேஸ்கட்டின் அடி, போல்ட் தலையின் அடி, வெல்டிங் ஓரம் ஆகிய இடங்களில் ஆக்சிஜன் போகாது, குளோரைடு சேரும். அதனால் ஓடிக்கொண்டே இருக்கும் எவர்சில்வர் பம்ப் நீடிக்கிறது; தேங்கிய உப்புநீரில் சும்மா கிடப்பது துளைபடுகிறது. இரும்புக் காஸ்டிங் சமமாகத் தேயும், முன்கூட்டியே தெரியும். எவர்சில்வர் பளபளவென்று இருக்கும்போதே ஒரு நாள் ஒழுகும்.

வீட்டிலேயே நாம் செய்யும் இரண்டு வேலைகள் இதைத் துரிதப்படுத்துகின்றன. ஒன்று, பாத்ரூம் ஆசிட். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்புப் படிவை நொடியில் கரைக்கும், கூடவே எவர்சில்வர் படலத்தையும் அழிக்கும். இரண்டு, பிளீச்சிங் பவுடர். சம்ப் கழுவும்போது கட்டியாகக் கொட்டினால் கரையாத கட்டிகள் அடியில் கிடக்கும் ஓபன்வெல் மோட்டாரின் மேலேயே போய் உட்காரும். தனி பக்கெட்டில் கரைத்து, தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். மோட்டாரை அதற்கு முன் வெளியே எடுத்து வையுங்கள். கழுவிய தண்ணீர் முழுக்க வெளியேறிய பிறகு இறக்குங்கள். இந்த ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் பயன்படுத்தினால் குளோரின் வாயு வரும். மூடிய சம்ப்பில் அது ஆளைக் கொல்லும்.

இன்னொரு காரணம், அது 304 ஆகவே இருந்திருக்காது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 202 ரகம் பார்க்க அப்படியே இருக்கும். காந்தம் ஒட்டவில்லை, அதனால் ஒரிஜினல் என்பது செல்லாது. 202-உம் காந்தத்தில் ஒட்டாது. காந்தம் உதவுவது ஷாஃப்ட்டில். ஷாஃப்ட்டில் பலமாக ஒட்டினால் அது 410 மாதிரியான ரகம் அல்லது வெறும் எஃகு. வெளி உடல் 304, உள்ளே ஷாஃப்ட் 410 என்பது சந்தையில் சகஜம். அட்டைப் பெட்டியில் "எஸ்.எஸ். பம்ப்" என்று மட்டும் எழுதியிருக்கும்.

ஆர்.சி.சி.பி. விழுகிறது, குழாயில் ஷாக்

குழாயைத் தொட்டால் சுருக்கென்றால் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மோட்டாருக்கு மின்சாரம் இருக்கும்போது சம்ப்பில் காலை வைக்கவே கூடாது. மின்கசிவு ஏற்பட்டதும் தானே அணையும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் சப்மெர்சிபிள் ஓட்டுவது தேவையற்ற துணிச்சல். "அடிக்கடி விழுது" என்று அதைக் கழற்றி எறிவது அதைவிட மோசம்; அது விழுவதே உள்ளே கசிவு இருக்கிறது என்று சொல்லத்தான்.

பேனலில் கேபிளைக் கழற்றி, 500 வோல்ட் மெக்கரில் (மின்காப்பை அளக்கும் கருவியில்) ஒவ்வொரு ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே அளக்க வேண்டும். போரில் இறங்கியிருக்கும் நிலையில் 2 மெகாஓமுக்கு மேல் என்றால் கவலையில்லை. 0.5 முதல் 2 வரை என்றால் ஓடும், கண்காணிப்பு வேண்டும். 0.5-க்குக் கீழே போனால் மேலே எடுங்கள். எடுத்ததும் மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள். உப்புத் தண்ணீரில் முதலில் போவது கேபிள் ஜாயின்ட். ஜாயின்ட்டை வெட்டி, மோட்டார் பக்கத்தைத் தனியாக அளங்கள். கேபிளை இரண்டு முனையும் வெளியே இருக்கும்படி உப்புத் தண்ணீர் பக்கெட்டில் மூழ்க வைத்து, ஒயருக்கும் தண்ணீருக்கும் இடையே அளங்கள். எது குறைந்த எண் காட்டுகிறதோ அதுதான் குற்றவாளி.

புது ஜாயின்ட் போடும்போது மூன்று ஒயரையும் ஒரே இடத்தில் வெட்டாமல் 5 சென்டிமீட்டர் தள்ளித் தள்ளி வெட்டுங்கள். செம்புக் குழலில் கிரிம்ப் செய்து, ஒவ்வொன்றின் மேலும் இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இரண்டு அடுக்கு சுற்றுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே உட்புறம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். கறுப்பு பி.வி.சி. டேப் மட்டும் சுற்றிய ஜாயின்ட் உப்புத் தண்ணீரில் நிலைக்காது. கேபிள் அளவையும் அப்போதே பாருங்கள்: 1.5 சதுர மி.மீ. செம்புக் கேபிள் 100 மீட்டர் ஓடினால், 7 ஆம்பியரில் 17 வோல்ட் வழியிலேயே போய்விடும். 2.5 சதுர மி.மீ. என்றால் 10 வோல்ட்.

சத்தம், சூடு

கரகரவென்று உலோகச் சத்தம் என்றால் பேரிங். எண் அதன் ஓரத்திலேயே பொறித்திருக்கும். அதே எண், இருபுறமும் ரப்பர் மூடியுள்ளதாக வாங்குங்கள். சரளைக் கல் உருள்வது போன்ற சத்தம் என்றால் சக்‌ஷன் அடைப்பு. ஃபுட் வால்வுச் சல்லடையைக் கழுவுங்கள். வெளியே வைத்த மோட்டாரைப் பாலிதீன் கவரில் சுற்றி வைக்காதீர்கள், உள்ளே வியர்த்துத் துரு கூடும். மேலே ஒரு தகரக் கூரை, நான்கு பக்கமும் காற்று, டெர்மினல்களில் வாசலின் பூச்சு போதும்.

புதிது வாங்குவதென்றால்

குளோரைடு 250-க்குள் என்றால் சி.இ.டி. கோட்டிங் (மின்சாரத்தால் படியவைக்கும் பெயின்ட்) அடித்த இரும்புக் காஸ்டிங்கும் பித்தளை இன்சர்ட்டும் போதும். 304-க்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. 250 முதல் 1,000 வரை 316-தான் சரி. கைக்கு எட்டாவிட்டால் 304 உடல், நோரில் இம்பெல்லர் என்று வாங்கி, தினமும் ஓட்டி, சேறு சேராமல் வைத்தால் தாங்கும். ஷாஃப்ட்டும் போல்ட்டுகளும் என்ன ரகம் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். மணல் வரும் போரில் நோரில் தேயும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பி.எச். 6.5-க்குக் கீழே என்றால் பித்தளையைத் தவிருங்கள்.

1,000-த்தைத் தாண்டினால் உண்மையில் இரண்டே வழி. ஒன்று, முழுக்க 316-இல் செய்த பம்ப்; விலை கசக்கும், அதன் பாதுகாப்பான வரம்பும் தாண்டிவிட்டதால் அதுவும் அரிபடலாம். இல்லாவிட்டால், போருக்குள் காற்றை அழுத்தி அனுப்பித் தண்ணீரை மேலே தள்ளும் கம்ப்ரசர் மோட்டார். சத்தம், கரண்ட் செலவு, மெதுவாக வரும் தண்ணீர் என்று அதைப் பழிப்பவர்கள் உண்டு, பழிப்பெல்லாம் நியாயம்தான். ஆனால் போருக்குள் இறங்குவது இரண்டு பிளாஸ்டிக் பைப் மட்டும். சுற்றுகிற, துருப்பிடிக்கிற எதுவும் தண்ணீரைத் தொடுவதே இல்லை. கடுமையான உப்புக்கு நம் ஊரில் இதைவிட எளிய விடை கிடையாது.

எந்தப் பம்ப் ஆனாலும் பைப்பை மறக்க வேண்டாம். எவர்சில்வர் பம்பின் வாயில் நேரடியாக ஜி.ஐ. நிப்பிளை முறுக்கினால், உப்புநீரில் இரண்டு உலோகமும் ஒரு மின்கலமாகி ஜி.ஐ. கரையும். நடுவில் ஒரு துண்டு யு.பி.வி.சி. போட்டால் போதும். காலம் பைப்பும் யு.பி.வி.சி., தொங்கவிடும் கயிறு நைலான், ஜி.ஐ. கம்பிக் கயிறு அறுந்தால் மோட்டார் போருக்கே சொந்தம். தண்ணீர் நிரப்பும் ரக சப்மெர்சிபிளில் இறக்கும் முன் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். அவசரத்தில் அந்தப் போரின் உப்புத் தண்ணீரையே ஊற்றி இறக்குவது, காயிலை முதல் நாளிலிருந்தே உப்பில் ஊறப் போடுவது.

பூட்டிக் கிடக்கும் வீடு

கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈ.சி.ஆர்.) பக்கம் வாரக் கடைசிக்கு மட்டும் திறக்கும் வீடுகளில்தான் மோட்டார் அதிகம் சாகிறது. ஆள் இருந்தால் நாலு நாளுக்கு ஒரு முறை இரண்டு நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் கிளம்பும் முன் பம்பின் அடியிலுள்ள வடிகால் திருகைக் கழற்றி உள்ளிருக்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். லாரித் தண்ணீரோ மெட்ரோ தண்ணீரோ இருந்தால் வடிக்கும் முன் ஒரு பக்கெட் ஊற்றி உள்ளே அலசுங்கள், உப்பு காய்ந்து படியாது. ஓபன்வெல் மோட்டாரை வெளியே எடுக்க முடியாவிட்டால் சம்ப்பையாவது அதே நல்ல தண்ணீரால் நிரப்பிவிட்டுப் போங்கள். கழற்றிய திருகை மோட்டார் சுவிட்சிலேயே நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். திரும்பி வந்ததும் அதை மாட்டி, பிரைமிங் ஊற்றிய பிறகே சுவிட்ச்.